சோறாவது தின்னுகிட்டுத் திரியிறியா? கொரியப் படங்களும் சாப்பாட்டுத் தட்டும்

#1 மொட்டைமாடி

கொரியப் படம் எது பார்க்கலாம் என்று யாராவது கேட்டால் நாம் எல்லோரும் உடனே த்ரில்லர் அஞ்சு, பேய்ப்படம் மூணு, அழுவதற்கு ரெண்டு, சிரிப்புக்கு ஒண்ணு என்று பிரித்துக் கொடுத்துவிடுகிறோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கொடுத்தேன். போன வாரம் இயக்குநர் பாங் ஜூன்-ஹோவின் 'தி ஹோஸ்ட்' (2006) படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். இந்த முறை அம்மாவும் கூட இருந்தார். அதிலிருந்து இந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படவில்லை.

அம்மாவால் வசன வரிகளை அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது, நான்தான் சொல்லிக்கொண்டே வந்தேன். ஹான் ஆற்றிலிருந்து ராட்சத மிருகம் கரையேறி வந்து ஆட்களை வாரிக்கொண்டு போகும் காட்சியில் அவர் பெரிதாக அசையவில்லை. அப்புறம் அந்தக் காட்சி வந்தது. மகளை மிருகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. தாத்தா, அப்பா, சித்தப்பா, அத்தை நாலு பேரும் மழையில் அலைந்து, களைத்து, ஆற்றங்கரையில் இருக்கும் தங்கள் தின்பண்டக் கடைக்குள் வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் பேசவில்லை. திடீரென்று அந்தப் பெண் நடுவில் எழுந்து உட்கார்கிறாள். யாருக்கும் ஆச்சரியமே இல்லை. ஆளுக்கு ஒரு வாய் ஊட்டுகிறார்கள். அவளும் மென்றுகொண்டே இருக்கிறாள். காட்சி முடிகிறது. அவள் அங்கே இல்லை என்பது நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

அம்மா சொன்னார்: "புள்ள அங்க பசியோட கெடக்குமேன்னு இவங்களுக்குத் தொண்டையில எறங்கல."

இதை விளக்க நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. மிருகப் படம் என்று நாம் வகைப்படுத்தி வைத்திருக்கும் ஒன்றின் நடுவில், ஒரு வசனமும் இல்லாமல், மொத்தக் குடும்பத்தின் துக்கத்தையும் ஒரு வாய்ச் சோற்றில் வைத்துவிட்டார்கள். அந்தக் குடும்பம் நமக்கு அறிமுகமாவதே ஒரு கணவாய் மீனில்தான். வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய கணவாயின் ஒரு காலை அந்தப் பெண்ணின் அப்பா பிய்த்துத் தின்றுவிடுகிறார், பத்துக் கால் இருக்க வேண்டியதில் ஒன்பதுதான் இருக்கிறது என்று தாத்தா திட்டுகிறார். படம் முடிவதும் சாப்பாட்டில்தான். அதை இன்னும் பார்க்காதவர்களுக்காகச் சொல்லாமல் விடுகிறேன்.

அன்றிலிருந்து யோசித்துப் பார்த்தால், எனக்குப் பிடித்த கொரியப் படம் எதுவாக இருந்தாலும், எந்த வகையாக இருந்தாலும், அதன் நெஞ்சு ஒரு சாப்பாட்டுக் காட்சியில் இருக்கிறது. 'ஜேஎஸ்ஏ'யில் (2000) 'சோகோ பை' என்ற சாக்லேட் கேக். 'ஓல்ட்பாய்'இல் (2003) பதினைந்து வருஷம் தினமும் அதே பொரித்த 'மண்டு', கொரியக் கொழுக்கட்டை. உங்களுக்கும் இப்படித் தோன்றியிருக்கிறதா? இது ஏன் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

(பின்குறிப்பு: கீழே கதை முடிவுகள் பேசப்படலாம். பார்க்காத படத்தின் பெயர் வந்தால் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

#2 வரிவாசன்

சகோ, நீங்கள் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' (2003).

நான் ஓய்வு நேரத்தில் கொரியப் படங்களுக்குத் தமிழில் வசன வரி எழுதிப் பழகுகிறேன். அந்தப் படத்தின் ரயில் சுரங்கக் காட்சியில் மட்டும் மூன்று நாள் நின்றேன். கொட்டும் மழை. இவன்தான் கொலைகாரன் என்று நம்பிப் பிடித்து வைத்த இளைஞனை விட்டுவிட வேண்டிய நிலை. அமெரிக்காவிலிருந்து வந்த மரபணுப் பரிசோதனை முடிவு பொருந்தவில்லை. கிராமத்துத் துப்பறிவாளராக வரும் சோங் காங்-ஹோ அவன் முகத்தைப் பிடித்துக் கண்ணுக்குள் பார்க்கிறார். "எனக்குத் தெரியலடா" என்கிறார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

கொரிய மொழியில் "பாபுன் மொக்கோ தனின்யா?" 'பாப்' என்றால் சோறு. 'மொக்கோ' தின்று. 'தனின்யா' திரிகிறாயா. ஆங்கிலத்தில் இதை எப்படி எழுதினாலும் ருசி போய்விடுகிறது. தமிழில் சொல்லுக்குச் சொல் அப்படியே வந்து உட்கார்ந்தது: "சோறாவது தின்னுகிட்டுத் திரியிறியா?" 'பாபுன்' என்பதில் வரும் அந்த 'உன்' விகுதி, நம்முடைய 'ஆவது' செய்கிற வேலையைச் செய்கிறது. இது திரைக்கதையில் இல்லாத வரி, சோங் காங்-ஹோ படப்பிடிப்பில் தானாகச் சொன்னது.

யோசித்துப் பாருங்கள், பெண்களைக் கொன்றவன் என்று தான் நினைப்பவனிடம் ஒரு போலீஸ்காரர் கேட்கிற கேள்வி இது. வசையா, பரிதாபமா, "இதையெல்லாம் செய்துவிட்டு உனக்குச் சோறு இறங்குதா" என்ற ஆத்திரமா? மூன்றும்தான். நம் வீட்டிலும் ஓடிப்போய்த் திரும்பி வந்த பிள்ளையிடம் முதலில் இதைத்தானே கேட்பார்கள்.

#3 இரண்டாம்ஆட்டம்

நல்ல தொடக்கம், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. எந்த நாட்டுப் படத்தை எடுத்தாலும் சாப்பாடு இருக்கும். தேடினால் எல்லாவற்றிலும் கிடைக்கும்.

எனக்குக் கொரியப் படங்களின் அடிநாதம் வேறு: ஆபத்து வந்தால் அரசாங்கமோ போலீசோ வராது. 'தி ஹோஸ்ட்'டில் ராணுவமும் மருத்துவமும் அந்தக் குடும்பத்தைப் பிடித்து அடைக்கத்தான் வருகின்றன, பிள்ளையைத் தேட வரவில்லை. அந்த மிருகம் உண்டாவதே அமெரிக்க ராணுவ முகாமில் ஃபார்மால்டிஹைடைச் சாக்கடையில் ஊற்றியதால். 2000-இல் சியோல் யோங்சான் முகாமில் நிஜமாகவே நடந்தது அது. 'மெமரீஸ் ஆஃப் மர்டர்'இல், இன்று இரவு கொலை நடக்கும் என்று தெரிந்து கூடுதல் படை கேட்கிறார்கள். ஆர்ப்பாட்டத்தை அடக்கப் போய்விட்டார்கள், ஆளில்லை என்று பதில் வருகிறது. 1986, சுன் டூ-ஹ்வானின் சர்வாதிகாரக் காலம். அந்தப் பெண் சாவதற்கு அதுவும் காரணம்.

'தி சேசர்' (2008) எடுத்துக்கொள்ளுங்கள். கொலைகாரன் முதல் அரைமணிக்குள் பிடிபடுகிறான், தானே ஒப்புக்கொள்கிறான். ஆதாரம் இல்லையென்றால் பன்னிரண்டு மணி நேரத்தில் விட்டுவிட வேண்டும். போலீசுக்கோ மேயர் மேல் ஒருவன் மலத்தை வீசியதுதான் தலைபோகிற பிரச்சினை. இதில் எங்கே சாப்பாடு?

1996-இல் கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் படங்களுக்கு முன்தணிக்கை செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் சொல்ல முடியாமல் இருந்ததையெல்லாம் அடுத்த பத்து வருஷத்தில் கொட்டினார்கள். நாம் த்ரில்லர், பேய்ப்படம் என்று பிரிப்பது அந்தக் கோபம் போட்டுக்கொண்ட சட்டைகளைத்தான்.

#4 வடமராட்சி

இரண்டு பேர் சொல்வதும் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. நான் அங்கே வேலை செய்தனான், அதனால் சொல்லலாம்.

இலங்கையில் இருந்து வேலை அனுமதித் திட்டத்தில் போய் நாலே முக்கால் வருஷம் அன்சான் பக்கம் ஒரு உலோகப் பட்டறையில் நின்றனான். முதல் ஒரு வருஷம் பட்டறைக்குப் பின்னால் ஒரு கண்டெய்னர் அறை. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பெடியள் சேர்ந்து அரைநிலவறை வீடு ஒன்று வாடகைக்கு எடுத்தம். 'பாரசைட்'டில் (2019) வருகிற அதே 'பஞ்சிஹா'. ஜன்னல் தெரு மட்டத்தில் இருக்கும், போகிறவர்களின் சப்பாத்துத்தான் தெரியும். கழிப்பறை மட்டும் மேலே படி கட்டி வைத்திருப்பார்கள். படத்துக்காகச் செய்த வேடிக்கை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, தெருச் சாக்கடை எங்களை விட உயரத்தில் போகிறது, கீழே வைத்தால் திரும்பி வந்துவிடும்.

இந்த அறைகள் முதலில் ஆட்கள் குடியிருக்கக் கட்டினவை இல்லை. 1968-இல் வட கொரியக் கமாண்டோக்கள் சியோல் வரைக்கும் வந்த பிறகு, 1970-இல் புதுச் சின்னக் கட்டிடங்களுக்கு நிலவறை வேண்டும் என்று சட்டம் போட்டார்கள், சண்டை வந்தால் ஒளிய. பிறகு வீட்டுப் பஞ்சம் வந்து அதிலே ஆட்களைக் குடிவைத்தார்கள். 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் சியோலில் இப்படியான அறையில் ஒரு குடும்பம் மூழ்கிச் செத்தது. படம் வந்து மூன்று வருஷம் கழித்து. அந்தச் செய்தி வந்த அன்று நான் இரவு முழுக்க நித்திரை கொள்ளவில்லை.

இனிச் சாப்பாடு. எங்கள் பட்டறை மேற்பார்வையாளர் சரியான கோபக்காரன். நாள் முழுக்க ஏச்சுத்தான். ஆனால் பின்னேரம் வாசலில் கண்டால் அதே மனுசன் கேட்பார்: "பாப் மொகொஸ்ஸோ?" சோறு தின்றியா? அங்கே அது 'எப்படி இருக்கிறாய்' என்பதற்குச் சமம். குடும்பத்துக்கே அவர்கள் 'ஷிக்கு' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நேர்ப் பொருள், உண்கிற வாய்கள். பழைய ஆட்கள் 'பொரிக்கொகே' பற்றிக் கதைப்பார்கள், பார்லி மேடு. போன வருஷத்து அரிசி முடிந்து, பார்லி இன்னும் விளையாத இளவேனில் மாதங்கள். 1960கள் வரைக்கும் அந்தப் பசி இருந்தது. இந்தப் படங்களை எடுக்கிறவர்களின் அம்மா அப்பா அதைக் கண்டவர்கள்.

இரண்டாம்ஆட்டம் அண்ணை, அரசாங்கம் வராது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது வராத இடத்தில் ஆள் ஆளுக்குச் செய்யக்கூடியது ஒன்றுதானே, சோறு போடுவது.

#5 அரிசிப்பொரி

வடமராட்சி அண்ணா, உங்கள் பதிவை இரண்டு தரம் படித்தேன். அந்தக் கழிப்பறை விஷயம் இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது.

பேய்ப்படம் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை, அது என் இடம். 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' (2003) படத்துக்கு அடியில் இருப்பது ஜோசன் மன்னராட்சிக் காலத்து நாட்டார் கதை, ஜாங்ஹ்வா–ஹோங்ரியோன். சித்தி, தோலுரித்த எலியை மூத்த பெண்ணின் படுக்கையில் போட்டு, கருக்கலைந்தது என்று பழி சுமத்துகிறாள். பெண் குளத்தில் தள்ளப்படுகிறாள், தங்கையும் அதே குளத்தில் சாகிறாள். அப்புறம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இரண்டு பெண்களும் பேயாக வந்து சித்தியின் கழுத்தைப் பிடிப்பதில்லை. அந்த ஊர் நீதிபதியிடம் போகிறார்கள். முறையிட! அவர் பயத்தில் செத்துப்போகிறார். அடுத்து வருபவரும் சாகிறார். கடைசியில் துணிச்சலான ஒருவர் வந்து, உட்கார்ந்து, என்ன நடந்தது சொல்லுங்கள் என்று கேட்கிறார். கொரியப் பேய் மனு கொடுக்க வருகிற பேய். இரண்டாம்ஆட்டம் சொன்ன 'அரசாங்கம் வராது' என்பது அங்கே பேய்க்கதையிலேயே இருக்கிறது பாருங்கள், அதுவும் சினிமாவுக்குப் பல நூறு வருஷம் முன்னால்.

படத்தில் இயக்குநர் கிம் ஜீ-வூன் இதை நவீன வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார். அதில் என்னை உலுக்கியது பேய் வரும் இடமல்ல. இரவு விருந்து. சித்தியின் தம்பியும் அவன் மனைவியும் வந்திருக்கிறார்கள். சித்தி ஏதோ பழைய கதை சொல்லிச் சிரிக்கிறாள், அவள் மட்டும் சிரிக்கிறாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிடுகிறார். திடீரென்று தம்பி மனைவிக்கு மூச்சு அடைத்து, தரையில் விழுந்து துடிக்கிறாள். வீட்டுக்குத் திரும்பும் காரில்தான் சொல்கிறாள், சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஒரு பெண் இருந்தாள் என்று. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசை செத்துப்போய்விட்டது, அதனால்தான் பேய் சமையலறையில் இருக்கிறது. நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

'தி வெய்லிங்' (2016) தொடக்கம் நினைவிருக்கிறதா? விடியற்காலை போன் வருகிறது, ஊரில் கொலை. போலீஸ்காரன் கிளம்புகிறான். மாமியார் சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறாள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறான்! அப்புறம் அவன் மகளுக்கு ஏதோ பிடிக்கிறது. நமக்கு அது எப்படித் தெரிகிறது? மீனைக் கையால் பிய்த்து வாயில் அடைத்துக்கொள்கிறாள். மீன் பிடிக்காத பிள்ளை. தந்தை பார்த்துக்கொண்டே நிற்கிறான். ஹ்வாங் ஜங்-மின் ஆடும் அந்தச் சாமியாட்டச் சடங்கைவிட, அந்த மீன் எனக்குப் பயம்.

அங்கே முன்னோருக்குப் படையல் வைக்கிற வழக்கம் இன்றும் உண்டு, 'ஜேசா' என்பார்கள். இறந்தவருக்கு வைக்கும் சோற்றில் கரண்டியை நேராகக் குத்தி நிறுத்துவார்கள். 'எக்ஸ்ஹூமா' (2024) முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஒழுங்காகக் கவனிக்கப்படாத தாத்தா கல்லறையிலிருந்து பசியோடு வருகிறார். அடியில் இருக்கும் இன்னொன்று வெளியே வந்ததும் ஆற்று மீனும் முலாம்பழமும் கேட்கிறது. ஒரு கோடிப் பேருக்கு மேல் தியேட்டரில் பார்த்த படம் அது.

#6 மொட்டைமாடி

அரிசிப்பொரி, அந்த மீன் காட்சியை நான் மறந்தே போயிருந்தேன். நன்றி.

மேற்கோள், இரண்டாம்ஆட்டம்: "இதில் எங்கே சாப்பாடு?"

'தி சேசர்'இல் சாப்பாடு இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தில் ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. தப்பித்து ஓடிவந்த பெண் தெருமுனைக் கடைக்குள் ஒளிகிறாள். கடைக்கார அம்மாள் நல்லவள், அடைக்கலம் கொடுக்கிறாள். விடுதலையான கொலைகாரன் சிகரெட் வாங்க அதே கடைக்குள் வருகிறான். அந்த அம்மாள் பயத்தில் அவனிடமே எல்லாவற்றையும் சொல்கிறாள். என் வாழ்க்கையில் திரையைப் பார்த்துக் "வேண்டாம்" என்று கத்தியது அந்த ஒரு தடவைதான்.

கடை என்றதும் எனக்கு ஒன்று பிடிபட்டது. 'எக்ஸ்ட்ரீம் ஜாப்' (2019) நகைச்சுவைப் படம். போதைப்பொருள் தடுப்புப் பிரிவுப் போலீசார் ஐந்து பேர், கடத்தல்காரர்களை வேவு பார்க்க எதிரில் இருக்கும் கோழிக்கடையை எடுத்து நடத்துகிறார்கள். அதற்குத் தலைவர் தன் ஓய்வுப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக் கொடுக்கிறார். அணியில் ஒருவனுடைய பெற்றோர் சுவோனில் மாட்டு விலா இறைச்சிக் கடை வைத்திருக்கிறார்கள், அந்த மசாலாவைக் கோழியில் போடுகிறான், கடை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. போனை எடுக்கும்போதெல்லாம் தலைவர் இறுக்கமான முகத்தோடு "இதுவரை இப்படி ஒரு ருசி இருந்ததில்லை, இது விலாக்கறியா, கோழியா?" என்று சொல்வார். அரங்கமே விழுந்து சிரித்திருக்கும். தென் கொரியாவில் 1.6 கோடி டிக்கெட் விற்றது. நாட்டின் மக்கள்தொகையே 5 கோடி சொச்சம்தான்.

அதே வருஷம் வந்தது 'பாரசைட்'. அரைநிலவறையில் வாழும் ஒரு குடும்பம் உறவை மறைத்து ஒரு பணக்கார பங்களாவில் வேலைக்குச் சேர்கிற கதை. அந்த அப்பா ஏன் அரைநிலவறையில் இருக்கிறார்? கடை வைத்து நொடித்தவர். தைவான் காஸ்டெல்லா கேக் கடை. பங்களாவின் ரகசிய அறைக்குள் வருஷக்கணக்காக ஒளிந்திருக்கிறானே, அவனும் அதே கேக் கடை வைத்து நொடித்துக் கடன்காரனுக்குப் பயந்து ஒளிந்தவன். 1997 நிதி நெருக்கடியில் வேலை போனவர்கள் கையில் கிடைத்த தொகையைப் போட்டுக் கோழிக்கடை திறந்தது அங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆக ஒரே கதைதான். கடை ஓடினால் நகைச்சுவைப் படம், ஓடாவிட்டால் 'பாரசைட்'.

#7 வரிவாசன்

மொட்டைமாடி, கடைசி வரியை எழுதி வைத்துக்கொண்டேன்.

'பாரசைட்' சாப்பாடு பற்றி வசன வரிக்காரனாக ஒன்று. மழையில் முகாமிலிருந்து திரும்பும் முதலாளியம்மா காரிலிருந்து போன் செய்து, எட்டு நிமிஷத்தில் வருகிறோம், பையனுக்கு 'ஜாபகுரி' செய்து வை என்கிறாள். ஜாபகுரி என்பது இரண்டு மலிவான பாக்கெட் நூடுல்ஸைக் கலந்து செய்வது, ஜாபகெட்டியும் நொகுரியும். மாணவர்கள் பசிக்குச் செய்து தின்பது. அதன் மேல் இவர்கள் ஹான்வூ என்ற கொரிய நாட்டு மாட்டின் உயர்ரக இறைச்சியை வெட்டிப் போடச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் டார்சி பேக்கட் அதற்கு 'ராம்-டான்' என்று புதுச் சொல்லே கட்டினார், ராமென், உடோன் என்ற இரண்டு நூடுல்ஸ் பெயர்களைச் சேர்த்து. நான் தமிழில் ஜாபகுரி என்றே விட்டேன். நூடுல்ஸ் கொதிக்கும் அந்த எட்டு நிமிஷத்துக்குள் வீட்டுக்குள் ஒரு யுத்தமே நடந்து முடிகிறது. பாத்திரம் மேசைக்கு வரும்போது பையனுக்கு வேண்டாம். அம்மாவே தின்றுவிடுகிறாள்.

முறைச் சொற்களையும் பாருங்கள். ஹ்யோங், நூனா, ஓப்பா, ஒன்னி. ஆங்கிலத்தில் எல்லாம் வெறும் பெயராகிவிடும். நமக்கோ அண்ணன், அக்கா தயாராக இருக்கிறது. நீ, நீங்கள் இருக்கிறது. யார் எந்த வரியில் மரியாதையிலிருந்து ஒருமைக்கு இறங்குகிறார்கள் என்பதுதான் பல காட்சிகளின் திருப்பமே. தமிழில் நேரடியாக மொழிபெயர்க்க ஆள் வேண்டும், ஆங்கிலம் வழியாக வந்தால் போதாது என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

#8 தெற்குவாசல்

'பாரசைட்' ஆஸ்கர் வாங்கியதும் 'மின்சார கண்ணா' (1999) கதையைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று இங்கே வழக்குப் போடுவேன் என்றார்களே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

#9 மொட்டைமாடி

ஒரு குடும்பம் உறவை மறைத்து ஒரே வீட்டில் வேலைக்குச் சேர்வது மட்டும்தான் இரண்டுக்கும் பொது. 'மின்சார கண்ணா'வில் அது காதலுக்காக. பணக்காரப் பிள்ளை வேலைக்காரனாக நடிக்கிறான். 'பாரசைட்'டில் பிழைப்புக்காக. வாசனை, வெள்ளம், நிலவறை எதுவும் அங்கே கிடையாது. முறையாக உரிமை வாங்கி இங்கே வந்தவை வேறு இருக்கின்றன: 'பிளைண்ட்' (2011) தமிழில் 'நெற்றிக்கண்' (2021) ஆனது, 'மிஸ் கிரானி' (2014) தெலுங்கில் 'ஓ பேபி' (2019). அவற்றுக்குத் தனியாகப் பேசலாம், இங்கே வேண்டாம்.

#10 இரண்டாம்ஆட்டம்

கடை பற்றிச் சொன்னது சரி. அரை மனதோடு ஏற்கிறேன்.

ஆனால் 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தப் படத்துக்கு அடிப்படையான ஹ்வாசோங் கொலைகள் 1986 முதல் 1991 வரை நிஜமாகவே நடந்தவை. படம் வந்தபோது குற்றவாளி யாரென்று தெரியாது. கடைசிக் காட்சியில் சோங் காங்-ஹோ நேராகக் கேமராவைப் பார்க்கிறார். கொலைகாரன் தியேட்டரில் உட்கார்ந்திருக்கலாம், அவன் கண்ணைப் பார்க்கட்டும் என்றுதான் இயக்குநர் பாங் ஜூன்-ஹோ அப்படி வைத்தார். 2019-இல் மரபணு மூலம் ஆள் தெரிந்தது. மைத்துனியைக் கொன்ற வழக்கில் 1990கள் முதல் சிறையில் இருந்தவன். 2006-லேயே வழக்குக் காலவரம்பு முடிந்துவிட்டதால் இந்தக் கொலைகளுக்காகத் தண்டிக்க முடியவில்லை. படத்தைச் சிறையிலேயே பார்த்திருக்கிறான். நீதிமன்றத்தில் கேட்டபோது, படமாகத்தான் பார்த்தேன், எந்த உணர்ச்சியும் வரவில்லை என்றான்.

அவன் செய்த ஒரு கொலைக்காக வேறொருவர் இருபது வருஷம் சிறையில் இருந்தார். போலீஸ் அடித்து வாங்கிய வாக்குமூலம். 2020 டிசம்பரில்தான் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. படத்தில் நாம் சிரிக்கிறோமே, சந்தேகப்பட்டவனை அடித்து உதைத்து, பிறகு எல்லோரும் சேர்ந்து டிவி பார்த்தபடி நூடுல்ஸ் தின்னும் காட்சியில், அந்தச் சிரிப்பு எனக்கு இப்போது வருவதில்லை. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே மேசையில் சாப்பிடுகிறார்கள். (ஆமாம், சாப்பாடுதான். எழுதும்போதுதான் கவனித்தேன்.)

#11 வடமராட்சி

'வெல்கம் டு டோங்மக்கோல்' (2005) ஒருவரும் சொல்லவில்லையே. 1950 சண்டைக்காலம். வட கொரியப் படையும் தென் கொரியப் படையும் வழிதவறி மலைக்குள்ளே ஒரு கிராமத்தில் வந்து மாட்டுப்படுகின்றன. ஊருக்குச் சண்டை நடப்பதே தெரியாது. கைக்குண்டு ஒன்று தவறிச் சோளக் களஞ்சியத்துக்குள் விழுந்து வெடிக்க, வானத்திலிருந்து சோளப்பொரி பனி மாதிரி விழும். வடக்குப் படையின் அதிகாரி ஊர்த்தலைவரைக் கேட்பார், ஒரு தரமும் சத்தம் போடாமல் எப்படி ஊரை இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று. கிழவர் சொல்வார்: "கனக்கத் தின்னக் குடுக்கவேணும்."

சண்டைக்குள் வளர்ந்தவன் நான். அந்த வசனத்தில் எழும்பி வெளியே போய்விட்டேன். பிறகு வந்து மிச்சத்தைப் பார்த்தேன்.

#12 அரிசிப்பொரி

அண்ணா...

எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். 'பொயட்ரி' (2010) பார்க்காதவர்கள் பார்த்துவிடுங்கள். லீ சாங்-டோங் எடுத்தது, கான் விழாவில் திரைக்கதை விருது. இதில் துரத்தல் இல்லை, பேய் இல்லை. மிஜா என்ற பாட்டி, அறுபதைத் தாண்டியவள், மகள் விட்டுப்போன பேரனை வளர்க்கிறாள். கவிதை எழுதக் கற்றுக்கொள்ளச் சேர்கிறாள். அதே நாட்களில் அவளுக்கு மறதி நோய் தொடங்குகிறது. அதே நாட்களில், ஆற்றில் விழுந்து செத்த பள்ளிக்கூடப் பெண் ஒருத்தியின் சாவுக்குத் தன் பேரனும் அவன் நண்பர்களும் காரணம் என்று தெரியவருகிறது. ஆறு பையன்களின் வீட்டாரும் ஆளுக்கு ஐம்பது லட்சம் வொன் (கொரியப் பணம்) போட்டு அந்தப் பெண்ணின் தாயைச் சமாதானம் செய்யப் பார்க்கிறார்கள்.

பேசிச் சம்மதிக்கவைக்க மிஜாவை அனுப்புகிறார்கள். தொப்பி, பூப்போட்ட உடை, வயல்வழி நடந்து போகிறாள். வழியில் ஆப்ரிகாட் பழங்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துக் கடிக்கிறாள். நோட்டுப்புத்தகத்தில் குறித்துக்கொள்கிறாள். வயலில் ஒரு பெண் வேலை செய்துகொண்டிருக்கிறாள், அவளிடம் பழத்தைப் பற்றி, விளைச்சலைப் பற்றி, அந்த நாள் எவ்வளவு அழகாக இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுகிறாள். விடைபெற்றுத் திரும்பி நடக்கிறாள். நாலடி போனதும் முகம் மாறுகிறது. எதற்காக வந்தோம் என்பது அப்போதுதான் நினைவு வருகிறது. அந்தப் பெண்தான் செத்தவளின் தாய். திரும்பிப் பார்க்கவும் முடியாமல் நடக்கிறாள்.

மிஜாவாக நடித்த யூன் ஜோங்-ஹீ அறுபதுகளின் பெரிய நட்சத்திரம். பதினைந்து வருஷத்துக்கு மேல் நடிக்காமல் இருந்து இதற்காக வந்தார். பிறகு அவருக்கே அந்த நோய் வந்தது. 2023-இல் இறந்தார். இதுதான் கடைசிப் படம்.

பாட்டிக்கு உலகத்திலேயே மிகவும் பிடித்தது எது என்று பேரனிடம் கேட்பாள். அவன் அலுப்போடு சொல்வான்: "என் வாயில சோறு போறது."

#13 தெற்குவாசல்

இப்போதே தேடிப் பார்க்கிறேன் அக்கா.

#14 இரண்டாம்ஆட்டம்

நேற்று இரவு 'பொயட்ரி' பார்த்தேன். அரிசிப்பொரி, நீங்கள் ஒரு காட்சியைச் சொல்லாமல் விட்டது வேண்டுமென்றே என்று நினைக்கிறேன், ஆனால் நான் எழுதிவிடுகிறேன், மன்னிக்கவும்.

செத்த பெண்ணின் பிரார்த்தனைக் கூட்டத்திலிருந்து அவள் புகைப்படத்தை மிஜா யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்துவிடுகிறாள். காலையில் அதைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்திவைக்கிறாள். பேரன் எழுந்து வருகிறான். உட்காருகிறான். படத்தைப் பார்க்கிறான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவன் டிவியைப் போடுகிறான், சாப்பிடத் தொடங்குகிறான். அங்கே படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்தேன். வரிவாசன் சொன்ன சுரங்கக் காட்சிதான் நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு போலீஸ்காரர் வாய்விட்டுக் கேட்டதை இங்கே பாட்டி கேட்கவே இல்லை, ஏனென்றால் அவள் கண் முன்னாலேயே அவன் தின்றுகொண்டிருக்கிறான்.

நான் முதலில் சொன்னதை முழுக்கக் கைவிடவில்லை. போலீஸ் வராது என்றேன். இதில் வருகிறது. ஆனால் அதற்கு முன் அவள் அவனைக் கூட்டிப்போய்ப் பீட்சா வாங்கிக் கொடுக்கிறாள். குளிக்கச் சொல்கிறாள். கால் நகத்தை வெட்டிவிடுகிறாள். இருட்டினதும் தெருவில் இரண்டு பேரும் பூப்பந்து ஆடுகிறார்கள். கார் வந்து நிற்கிறது, அவன் அதில் ஏறுகிறான். கூட வந்த துப்பறிவாளர், கவிதை வாசிப்புக் கூட்டத்தில் அவளோடு பழகியவர், கீழே கிடந்த மட்டையை எடுத்து அவளோடு ஆட்டத்தைத் தொடர்கிறார்.

#15 மொட்டைமாடி

இந்த ஞாயிறு அம்மாவோடு பார்க்கிறேன். வரிவாசன், தமிழ் வரி எழுதி முடித்திருந்தால் தனிமடலில் அனுப்புங்கள், அந்த ஆப்ரிகாட் பழக் காட்சியில் நான் குறுக்கே பேச விரும்பவில்லை.